விறகுப் புகையும் கேஸ் அடுப்பும்

நம் நாட்டில் சமையலைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆண்மகன் கிடையாது. குழம்பில் உப்பு ஏறிவிட்டது என்பதையும், ரசத்தில் புளி போதவில்லை என்பதையும், சோறு குழைந்துவிட்டது என்பதையும் வேளைக்கு வேளை கண்டுபிடித்துச் சொல்லுகின்ற பண்டிதர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கின்றார்கள். ஆனால் அந்தக் குழம்பு எந்த நெருப்பில் கொதித்தது, கொதிக்கும்போது பக்கத்தில் நின்றிருந்தவளுடைய மூக்கின் வழியாக என்ன உள்ளே போயிற்று என்கின்ற கேள்வியை இந்தப் பண்டிதர்களில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றார்கள்? அடுப்பு அவளுடையது, சாப்பாடு நம்முடையது என்று பங்கு பிரித்துக்கொண்டவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றாததில் ஆச்சரியமில்லை.

இப்பொழுது அந்த ஆண்மக்களில் சிலருக்குத் திடீரென்று அடுப்பின்மேல் அக்கறை பிறந்திருக்கின்றது. கேஸ் அடுப்பு விஷம், அமெரிக்காக்காரனே சொல்லிவிட்டான், ஆகையால் பாட்டன் காலத்து விறகடுப்புக்கும் மண்சட்டிக்கும் திரும்புவதே ஆரோக்கியம் என்று பிரசங்கம் செய்கின்றார்கள். வேறு சிலரோ, "சர்க்கார்தான் ஊரெல்லாம் கேஸ் கொடுத்துவிட்டதே, இனிமேல் பேசுவதற்கு என்ன இருக்கின்றது?" என்று கேட்கின்றார்கள். இந்த இரு கூட்டத்தாரும் சொல்லுவதில் உண்மை எவ்வளவு, புளுகு எவ்வளவு என்று பார்க்கவேண்டியது அவசியமாகின்றது. ஏனென்றால் இதில் பந்தயமாக வைக்கப்பட்டிருப்பது பேசுகின்றவர்களின் நெஞ்சு அல்ல. அடுப்படியில் நிற்கின்ற பெண்களின் நெஞ்சும், அவர்கள் இடுப்பில் இருக்கின்ற குழந்தைகளின் நெஞ்சுமேயாகும்.

முதலில் விறகை எடுத்துக்கொள்வோம். விறகு, சுள்ளி, வறட்டி, தென்னை மட்டை, வேலிக்காத்தான் குச்சி ஆகிய எதுவும் வீட்டு அடுப்பில் முழுக்க எரிவதில்லை. எரியாமல் மிச்சப்படுவதுதான் புகை. அந்தப் புகையில் சுவரைக் கறுப்பாக்குகின்ற கரியைவிடக் கண்ணுக்கே தெரியாத நுண்தூசுதான் பொல்லாதது. தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ள அந்தத் தூசு, மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போய்விடுகின்றது. அங்கிருந்து அது செய்கின்ற காரியம் இருமலோடு நிற்பதில்லை. நாள்பட்ட மூச்சடைப்பு நோய், குழந்தைகளுக்கு நிமோனியா, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்புரை என்று பட்டியல் நீளுகின்றது. விறகு, வறட்டி, நிலக்கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றை எரித்துச் சமைப்பதால் வீட்டுக்குள் உண்டாகின்ற கெட்ட காற்றினால் 2020 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்றும், அவர்களில் 2,37,000க்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கின்றது.

இத்தனை சாவும் நம் ஊர்களில் என்னவென்று எழுதப்பட்டன? குழந்தைக்குத் திருஷ்டி பட்டுவிட்டது, மருமகளுக்குக் கிரகம் சரியில்லை, கிழவிக்குக் காலம் முடிந்துவிட்டது என்றுதானே! இருமுகின்ற பெண்ணுக்குத் தாயத்தும் மந்திரித்த கயிறும் கட்டியவர்கள், இரண்டு முழத்தில் எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஊதாங்குழலை ஊதி ஊதிக் கண்ணில் நீர் வடிய நின்றவளைப் பார்த்து, "இதுதான் குடும்பப் பெண்ணின் லட்சணம்" என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். எந்த ஊரில் இந்த விஷயத்தைப் பேசினாலும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கள் பாட்டி 90 வயது வரையில் விறகடுப்பில்தான் சமைத்தாள், கல்லுப்போல் இருந்தாள், அதற்கு என்ன சொல்லுகிறீர்?" என்பார். கூட்டமும் கைதட்டும். நாம் அவருக்குச் சொல்லுவது இதுதான்: உங்கள் பாட்டி இருந்தாள், சரி. உங்கள் பாட்டியோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? பாட்டி பெற்றதில் பிழைத்தது எத்தனை, குழியில் வைத்தது எத்தனை? பிழைத்தவர்கள் மட்டுமே சாட்சிக்கூண்டில் ஏறிப் பேசமுடியும். செத்தவர்கள் வந்து நாங்கள் புகையால் செத்தோம் என்று சாட்சி சொல்லமாட்டார்கள். கள்ளுக்குடியனிலும் 90 வயது வரை இருந்தவன் உண்டு. அதற்காகக் கள்ளை மருந்தென்று யாரும் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை.

விறகுச் சமையலுக்கு ருசி அதிகம் என்பது இன்னொரு வாதம். இருக்கலாம். மீன்குழம்பு மண்சட்டியில், விறகுத் தணலில் சுண்டினால் அதற்கு ஒரு மணம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த ருசிக்காக ஆசைப்படுகின்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் மூன்று கல்லைக் கூட்டித் தாங்களே ஊதித் தாங்களே சமைத்துச் சாப்பிடட்டும், யார் தடுத்தார்கள்? ருசி ஒருவர் நாக்குக்கு, புகை இன்னொருவர் நெஞ்சுக்கு என்பதைத்தான் நாம் ஆட்சேபிக்கின்றோம்.

நிற்க, கேஸ் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லுவோம். 1965 இல் கல்கத்தாவில் இண்டேன் என்ற பெயரில் முதல் இணைப்புக் கொடுக்கப்பட்டது. வெகுகாலம் வரை அது பட்டணத்துப் பெரிய மனிதர்களின் சொத்தாகவே இருந்தது. பெயரைப் பதிவுசெய்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தவர்களும், சிபாரிசுக் கடிதத்தோடு அலைந்தவர்களும் இன்றும் இருக்கின்றார்கள். 2007 இல் தமிழ்நாடு அரசு ஏழை வீடுகளுக்கு இலவசமாக இணைப்பும் அடுப்பும் கொடுக்க ஆரம்பித்தது. 2016 மே 1 ஆம் தேதி மத்திய அரசு உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் உஜ்வலா என்ற திட்டத்தைத் துவக்கியது. 2011 ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்போது இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 28 வீடுகளில்தான் கேஸ் பிரதான அடுப்பாக இருந்தது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கிலோ, புகையில்லாத எரிபொருளில் சமைக்கின்ற வீடுகள் நூற்றுக்கு 58 ஆகவும், தமிழ்நாட்டில் 80க்கு மேலாகவும் இருந்தன. எந்த விரதத்தாலும் எந்த யாகத்தாலும் நடக்காத காரியம் ஓர் இரும்பு உருளையால் நடந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த இரும்பு உருளைக்கு நம்மவர்கள் செய்கின்ற மரியாதையைச் சொல்லாமல் போகமுடியவில்லை. ஆயுத பூஜையன்று சிலிண்டருக்கு மூன்று பட்டை விபூதியும் நடுவில் குங்குமமும்! புதுவீட்டில் அக்னி மூலையில்தான் அடுப்பு வைக்கவேண்டும், கிழக்கே பார்த்துத்தான் சமைக்கவேண்டும் என்று வாஸ்துக்காரன் சொன்னதற்காகச் சமையலறையையே வீட்டின் ஓர் இடுக்கில் கொண்டுபோய்ச் சொருகுகின்றவர்களும் உண்டு. ஜன்னல்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று எண்ணிப் பார்க்கின்றவர்கள், அந்த ஜன்னல் திறக்கின்றதா, திறந்தால் காற்று எந்தப் பக்கம் போகின்றது என்று பார்ப்பதில்லை. கேஸ் அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டால் வயிற்றில் கேஸ் உண்டாகும் என்று நம்புகின்ற மகானுபாவர்களும் நம்மிடையே இருக்கின்றார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றாயிருப்பதைத் தவிர வேறு சம்பந்தம் என்ன என்று கேட்டால் பதில் இல்லை.

இனி, கேஸினால் உண்மையில் விளைந்த நன்மை எவ்வளவு என்று அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைப் பார்ப்போம். இது முக்கியமான இடம். இதற்காக வெகு தூரம் போகவேண்டியதில்லை. நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலேயே, சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் மூலம் பெரியதோர் ஆராய்ச்சி நடந்தது. அதே ஆராய்ச்சி ஒரே சமயத்தில் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய தேசங்களிலும் நடந்தது. நான்கு தேசங்களிலுமாக விறகும் வறட்டியும் எரித்து வந்த 3,200 கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கேஸ் அடுப்பையும், தீரத் தீரச் சிலிண்டரையும் இலவசமாக வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மறு பாதியினர் பழையபடி சமைத்தார்கள். பெண்களின் உடலோடு கருவி பொருத்தி, அவர்கள் சுவாசிக்கின்ற தூசை அளந்தார்கள்.

முடிவு 2022 இல் வெளிவந்தது. விறகுக்காரிகள் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம் நுண்தூசு. கேஸ் பெற்றவர்களுக்குச் சுமார் 24. மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது! ஆனால், பிறந்த குழந்தைகளின் எடையைப் பார்த்தபோது இரண்டு பாதிக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பின்னால் அந்தக் குழந்தைகளுக்கு ஒரு வயதுவரை வந்த கடும் நிமோனியாவைக் கணக்கெடுத்தபோதும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை.

"இதை ஏன் நீங்களே எடுத்துச் சொல்லுகிறீர்கள்? உங்கள் கட்சிக்கு விரோதமாயிற்றே!" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். தனக்குச் சாதகமான சுலோகத்தை மாத்திரம் எடுத்து ஓதிவிட்டு மற்றதை மறைப்பது புராணிகருடைய தொழில். அதை நாமும் செய்வதானால் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் என்ன? எடை கூடவில்லை என்றால் கூடவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஏன் கூடவில்லை என்று கேட்கவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வருஷ சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று 2021 இல் வரையறுத்த தூசு, கேஸ் வந்த பிறகும் 24 இருந்தது. பக்கத்து வீட்டு விறகுப் புகை நம் வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. தெருக் குப்பையை எரிப்பவன் இருக்கின்றான், லாரி போகின்றது. அதுவுமல்லாமல், கர்ப்பத்தில் மூன்று நான்கு மாதம் சென்ற பிறகே அந்தப் பெண்களுக்குக் கேஸ் கிடைத்தது; அதற்கு முன் சிறுவயது முதல் தின்ற புகை தின்றதுதான். ஒரு வீட்டில் அடுப்பை மாற்றினால் போதாது, ஊரே மாறவேண்டும் என்பதாக நாம் இதிலிருந்து எண்ணுகின்றோம்.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. அதை யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. நம் கிராமத்துப் பெண்களுக்கு விறகடுப்புப் பழகிவிட்டது, கேஸைக் கொடுத்தாலும் மூலையில் வைத்துவிட்டுச் சுள்ளிக்குத்தான் போவார்கள் என்று பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லுகின்ற பேச்சு இருக்கின்றதல்லவா? சிலிண்டரை இலவசமாக வாசலில் கொண்டுவந்து வைத்தபோது, அந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் விறகை அநேகமாகக் கைவிட்டே விட்டார்கள். ஆக, பழக்கமா தடை? விலைதான் தடை.

விலையையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 2023 மார்ச்சு மாதத்தில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 1,118 ரூபாய் 50 பைசா விற்றது. அந்த 2022-23 ஆம் வருஷத்தில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்டிருந்த தினக்கூலி 281 ரூபாய். அதாவது வெயிலில் நான்கு நாள் மண் வெட்டினால் ஒரு சிலிண்டர்! உஜ்வலாக்காரர்களுக்கு 200 ரூபாய் திரும்பி வந்தது, வாஸ்தவம். ஆனால் முதலில் முழுப் பணத்தையும் கையில் எடுத்துக் கொடுத்தால்தானே பிறகு பாங்கியில் வரும்? நாலைந்து பேர் இருக்கின்ற வீட்டில் முழுச் சமையலும் கேஸிலேயே நடந்தால் ஒரு சிலிண்டர் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம் வரும். வருஷத்துக்கு எட்டாவது வேண்டும். உஜ்வலா வீடுகள் 2023-24 இல் சராசரியாக வாங்கியதோ நான்குக்கும் சற்றுக் குறைவு. மிச்ச நாளெல்லாம் அந்த வீடுகளில் எது எரிந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுமா? சர்க்கார் கணக்கில் அது கேஸ் வீடு. அவள் நெஞ்சின் கணக்கில் அது விறகு வீடு. "எல்லாருக்கும் கொடுத்துவிட்டோமே" என்கின்ற இரண்டாவது கூட்டத்தாருக்கு இதுதான் நம்முடைய பதில். அடுப்பைக் கொடுத்துவிட்டு நெருப்பை விலைக்கு விற்பது, தாலியைக் கொடுத்துவிட்டுச் சோற்றை மறுப்பதைப் போன்றதாகும். விலையைக் குறைக்கச் சொல்லி ஓட்டுக் கேட்க வருகின்றவர்களை ஒவ்வொரு பெண்ணும் கேட்டாக வேண்டும். விளக்கு எரியவில்லை, சாலை சரியில்லை என்பதற்கெல்லாம் மனுப்போடுகின்ற ஆண்கள், சிலிண்டர் வாங்கமுடியவில்லை என்று எத்தனை மனுப்போட்டிருக்கின்றார்கள்?

இனி முதல் கூட்டத்தாரிடம் வருவோம். கேஸ் விஷம் என்று அமெரிக்காக்காரன் சொன்னானா? சொன்னான். என்ன சொன்னான் என்பதைக் கேட்கவேண்டும்.

கேஸ் அடுப்பின் நீலச் சுவாலையில் புகை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அதில் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடலாகாது. நாம் சுவாசிக்கின்ற காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது சாதாரணமாக யாருக்கும் ஒரு கெடுதியும் செய்யாது. ஆனால் சுவாலையின் கடும் சூட்டில் அது பிராணவாயுவோடு கூடி நைட்ரஜன் டை ஆக்சைடு என்கின்ற வாயுவாக மாறுகின்றது. இதை நன்றாகக் கவனிக்கவேண்டும்: இந்தக் கெட்ட வாயு சிலிண்டருக்குள் இருந்து வருவதில்லை, சுற்றியிருக்கின்ற காற்றிலிருந்தே சுவாலை அதைச் சமைக்கின்றது. ஆகவே எவ்வளவு சுத்தமான கேஸாயிருந்தாலும், எவ்வளவு நல்ல அடுப்பாயிருந்தாலும் இது உண்டாகியே தீரும். இது மூச்சுக்குழலை எரிச்சல்படுத்தும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இழுப்பை அதிகப்படுத்தும். சுவாலை மஞ்சளாக எரிந்தால் அங்கே கார்பன் மோனாக்சைடும் கூடுதலாக உண்டாகின்றது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவைச் சாத்திய குளியலறையில் கேஸ் வெந்நீர்க் கருவியை எரியவிட்டுக் குளிக்கப்போனவர்கள் பிணமாக எடுக்கப்பட்ட செய்தியைப் பத்திரிகைகளில் பலமுறை படித்திருப்பீர்கள். அந்தக் கொலைகாரன் இந்த வாயுதான். 2023 இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் வீடுகளில் அளந்து பார்த்து, கேஸ் அடுப்பிலிருந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீனும் வருகின்றது என்று கண்டார்கள்.

கேஸ் அடுப்பு உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா நூற்றுக்கு 42 பங்கு அதிகம் என்று, பல ஆராய்ச்சிகளை ஒன்றுகூட்டிப் பார்த்து 2013 இல் ஒரு கணக்கு வந்தது. 42 என்றதும் நூறு குழந்தையில் 42 குழந்தைக்கு நோய் என்று அலறுகின்றார்கள். அதன் அர்த்தம் அதுவல்ல. பத்துக் குழந்தைக்கு வரவேண்டிய இடத்தில் சுமார் பதினான்கு குழந்தைக்கு வரும் என்பதே அர்த்தம். அதுவும் சிறிய விஷயம் அல்ல. அந்த நான்கு குழந்தைகளில் ஒன்று நம் குழந்தையாயிருக்கலாம். ஆனால் 2024 இல் இன்னும் அதிகமான ஆராய்ச்சிகளைச் சேர்த்து லான்செட் குழுமத்து வைத்தியப் பத்திரிகையொன்றில் வெளியான கணக்கில், கேஸை மின்சார அடுப்போடு ஒப்பிட்டபோது நிமோனியாவும் மூச்சடைப்பு நோயும் சற்று அதிகம் என்றும், ஆஸ்துமா அதிகம் என்று உறுதியாகச் சொல்லமுடியவில்லை என்றும் கண்டார்கள். அதே கணக்கில், விறகோடும் கரியோடும் ஒப்பிட்டபோது கேஸ் பல நோய்களைக் குறைக்கின்றது என்றும் கண்டார்கள். விஞ்ஞானிகள் ஒருவரையொருவர் மறுத்துக்கொள்ளுகின்றார்களே என்று வைதீகர்கள் சிரிக்கலாம். புதிய சாட்சியம் வந்தால் பழைய தீர்ப்பைத் திருத்துகின்ற கோர்ட்டு நல்ல கோர்ட்டா, ஆயிரம் வருஷம் ஆனாலும் திருத்தமாட்டேன் என்கின்ற கோர்ட்டு நல்ல கோர்ட்டா?

அமெரிக்காவிலும் வேடிக்கை இல்லாமலில்லை. பெர்க்கிலி என்ற பட்டணம் 2019 இல் புதுக் கட்டடங்களுக்குக் கேஸ் குழாய் கூடாது என்று சட்டம் செய்தது. 2023 இல் மேல்கோர்ட்டு அது செல்லாது என்றது. அதே 2023 ஜனவரியில் அங்குள்ள நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷனின் ஓர் அங்கத்தினர் கேஸ் அடுப்பைத் தடுப்பதும் யோசிக்கத்தக்கது என்று ஒரு வார்த்தை சொன்னதும், ஒரு கட்சியார் தங்கள் அடுப்பைப் பிடுங்க வருகின்றார்கள் என்று கிளம்பிவிட்டார்கள். அடுப்பும் அங்கே கட்சிக்கொடி ஆகிவிட்டது. மதம் பிடித்தவர்கள் நம் நாட்டில் மாத்திரம்தான் இருக்கின்றார்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ளவேண்டாம்.

இந்த இடத்தில்தான் நம் விறகடுப்புப் பிரசங்கிகளின் சூழ்ச்சி வெளிப்படுகின்றது. அமெரிக்காக்காரன் கேஸை எதனோடு ஒப்பிட்டான்? மின்சார அடுப்போடு. கேஸைவிட மின்சாரம் நல்லது என்று அவன் சொன்னதை எடுத்துக்கொண்டு, கேஸைவிட விறகு நல்லது என்று இவர்கள் மாற்றிச் சொல்லுகின்றார்கள். சைக்கிளைவிட ரயில் வேகம் என்று ஒருவன் சொன்னால், அப்படியானால் சைக்கிளை விட்டுவிட்டு நடந்து போ என்று உபதேசம் செய்வது எப்படியோ அப்படியே இதுவும். இதைச் சொல்லுகின்ற பெரியவர்களில் ஒருவர் வீட்டிலாவது விறகடுப்பு எரிகின்றதா என்று விசாரித்துப் பாருங்கள்.

நிலைமை இவ்வாறிருக்க, வீட்டில் செய்யவேண்டியது என்ன? முதலாவது ஜன்னல். அடுப்பைப் பற்றவைக்கு முன் ஜன்னலைத் திறந்து, அணைத்த பிறகும் சற்றுநேரம் திறந்தே வைக்கவேண்டும். காற்றை வெளியே தள்ளுகின்ற மின்விசிறி ஒன்று சுவரில் இருந்தால் பாதி வேலை தீர்ந்தது. ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து அடுப்புக்குமேல் சிம்னி மாட்டுகின்றவர்கள் அதன் குழாய் வெளியே போகின்றதா என்று பார்க்கவேண்டும். வெளியே போகாமல் காற்றை வடிகட்டித் திரும்பவும் அறைக்குள்ளேயே விடுகின்ற சிம்னி, எண்ணெய்ப் பிசுக்கையும் வாடையையும் கொஞ்சம் பிடிக்குமேயொழிய, மேலே சொன்ன வாயுக்களை வெளியேற்றாது. இப்பொழுது பட்டணத்து அடுக்குமாடிகளில் ஏர்கண்டிஷன் குளிர்ச்சி போய்விடும் என்று எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, கூடத்தோடு சேர்ந்த சமையலறையில் தாளிக்கின்றார்கள். ஓட்டு வீட்டில் கூரைச் சந்து வழியாகவாவது காற்று போயிற்று; இங்கே அந்தச் சந்தும் இல்லை. வறுப்பதிலும் பொரிப்பதிலும் வருகின்ற எண்ணெய்ப் புகை எந்த அடுப்பிலும் வரும், மின்சாரத்திலும் வரும் என்பதால் ஜன்னல் எவருக்கும் விலக்கில்லை.

மின்சார அடுப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இன்டக்ஷன் அடுப்பில் சுவாலையே இல்லாததால் நைட்ரஜன் வாயுவும் இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை. ஆனால் அதற்கு அடிதட்டையான, காந்தம் ஒட்டுகின்ற பாத்திரம் வேண்டும். நம் வீடுகளில் இருக்கின்ற அலுமினியத் தேக்சாவும், மண்சட்டியும், பித்தளைப் பானையும் அதில் சுடாது. கரண்டு போனால் உலை நின்றுபோகும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு சிலிண்டர் செய்கின்ற சமையலை இன்டக்ஷனில் செய்யச் சுமார் 120 முதல் 130 யூனிட் மின்சாரம் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 இல் ஏற்பட்டது. விளக்கும் விசிறியும் மட்டும் உள்ள சிறு வீட்டில், வெந்நீர், பால், சோறு இவற்றை மட்டுமாவது மின்சாரத்துக்கு மாற்றினால் சிலிண்டர் இழுத்துக்கொண்டு வரும், அடுக்களைக் காற்றும் கெடாது. முழுக்க மாறவேண்டும் என்பதில்லை; கேஸை அடியோடு தள்ளவேண்டும் என்பதும் இல்லை. கையில் இருக்கின்ற காசு, வீட்டில் இருக்கின்ற குழந்தையின் மூச்சு, ஊரில் கரண்டு இருக்கின்ற லட்சணம் இவற்றைப் பார்த்து அவரவரே முடிவுசெய்துகொள்ள வேண்டியதுதான். ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கின்ற வீட்டில் மட்டும் நாம் மின்சாரத்துக்கே ஓட்டுக் கொடுப்போம்.

இன்னொன்று, சொல்லக் கூசினாலும் சொல்லவேண்டியது. மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்த காலத்தில் அது வெடித்து அடிக்கடி பெண்கள் செத்தார்கள். அந்த ஸ்டவ்வுக்கு ஓர் அதிசய குணம் இருந்தது: வரதட்சணை பாக்கி வைத்த மருமகள்மேல் மாத்திரம் அது வெடிக்கும், மாமியார்மேலோ புருஷன்மேலோ ஒரு பொறிகூடத் தெறிக்காது! கேஸ் வந்த பிறகு அந்தக் குணம் சிலிண்டருக்கும் வந்துவிடாதபடி, சமையலறை விபத்து என்று சொல்லப்படுகின்ற ஒவ்வொரு சாவையும் போலீசார் சரியாக விசாரிக்க ஊரார் வற்புறுத்தவேண்டும்.

உண்மையான விபத்தைத் தடுப்பது கஷ்டமல்ல. கேஸ் காற்றைவிடக் கனமானது. ஒழுகினால் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். அதற்கு இயற்கையில் மணம் கிடையாது. ஒழுகினால் தெரியட்டும் என்றே நாற்றமுள்ள மருந்தைக் கலந்து அனுப்புகின்றார்கள். அந்த நாற்றம் அடித்தால் விளக்கின் ஸ்விட்சைப் போடவும் கூடாது, எரிகின்ற விளக்கை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டாகும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். இதை வீட்டில் சமைக்கின்றவளுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவள் ஊருக்குப் போயிருக்கும்போது காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் நுழைகின்ற புருஷனுக்குத்தான் முக்கியமாகத் தெரியவேண்டும். ரப்பர்க் குழாய்க்கு ஆயுள் ஐந்து வருஷம். அது செய்யப்பட்ட மாதமும் வருஷமும் அதன்மேலேயே அச்சடித்திருக்கும். இன்றிரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் குனிந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.